ஏழு தசம் நான்கு மூன்று

இது நடந்தது. இரவில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம், அரைக் கனவு என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடலாம். நடந்ததோ பட்டப்பகலில். யாழ்ப்பாணத்து உரும்பிராயில், யன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு முடித்த, சீமெந்து வாசம் இன்னும் போகாத ஒரு புது வீட்டில். வீட்டை வரைந்து கட்டுவித்த நிரோஜினியின் வேலைக்கொப்பியில், அவளுடைய கையெழுத்தில், நாளும் நேரமும் நிமிடம் பிசகாமல் இருக்கின்றன. கொப்பியைப் பார்த்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் சிரித்தார்கள். ஏப்ரல் பதின்மூன்றாம் திகதிப் பக்கத்துக்கு வந்தபோது அவர்களும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். வீடு விளங்கினால்தான் மற்றது விளங்கும்.

சிவகரன் மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் ஓவியர். இருபத்தாறு வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு மனைவியுடன் திரும்பி வந்தவர். தாயின் சீதன வளவில் ஒரு வீடு கட்ட வேண்டும், அந்த வீட்டிலேயே வேறு ஓவியர்களும் வந்து மூன்று மாதம், நான்கு மாதம் தங்கி வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"எனக்கு வீடும் வேணும், மடமும் வேணும்" என்றார் நிரோஜினியிடம். "ஆனா மடத்துக்காரர் என்ரை குசினிக்குள்ளை வந்து நிக்கக் கூடாது. நானும் அவையின்ரை படத்தை எட்டிப் பாக்கக் கூடாது. உதைக் கீறித் தாரும் பாப்பம்."

நிரோஜினிக்கு முப்பத்திநான்கு வயது. எட்டு வருடம் கொழும்பில் மற்றவர்களின் பெயரில் வீடுகள் வரைந்தவள். தன் பெயரைப் போட்டு வரைந்த முதல் வீடு இது. ஒரு கூரைக்குள் இரண்டு குடித்தனம் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க வேண்டும் என்றால் நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஏதாவது வேண்டும். வளவில் ஏற்கெனவே ஒரு பழைய கிணறு இருந்தது. அவள் அதை முற்றத்தின் நடுவில் விட்டாள். கிணற்றுக்குத் தெற்கே சிவகரனின் வீடு. வடக்கே ஓவியர்களின் ஸ்ரூடியோ. தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசும்போது கிணற்றடிக் குளிர்ச்சியைத் தொட்டுக்கொண்டு ஸ்ரூடியோவின் தாழ்ந்த யன்னல்களால் உள்ளே வரும். சூடேறிய காற்று மேலே உயர்ந்து, கூரையோரத் திறப்புகளால் வெளியே போகும். மின்விசிறி இல்லாமலே அறை மூச்சு விடும்.

ஸ்ரூடியோ கிழக்கு மேற்காக நீண்ட ஓர் அறை. வடக்குச் சுவரில் உயரமாகக் கண்ணாடி. காரணம் இருக்கிறது. வருடத்தில் அதிக நாள் சூரியன் எங்களுக்குத் தெற்கே நிற்கும். அதனால் வடக்கிலிருந்து வரும் வெளிச்சம் நேர்வெயில் கலக்காமல், காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இருக்கும். படம் வரைகிறவருக்கு நிழல் ஓடாது. 

அந்த வடக்குச் சுவரில் ஓர் இடத்தில் மட்டும் மூன்றடி அகலத்தில் ஒரு வாசல் விட்டிருந்தது. இப்போதைக்கு மண் வண்டில் போய்வர. பின்னால் ஒரு சின்னக் கதவு போடலாம் என்று எண்ணம்.

முதல் தடவை: பெப்ரவரி 12. பகல் 12.24.

நிரோஜினி தரைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் லேசர் மீற்றர். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. பொத்தானை அழுத்தினால் ஒரு சிவப்பு ஒளிக்கோடு புறப்பட்டு, எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பி வரும். போய்வந்த தூரத்தைக் கருவி கணக்கிட்டு இலக்கமாகக் காட்டும். எதிரே சுவர் இருந்தால் சுவர் வரை. நடுவில் ஒருவர் வந்து நின்றால் அவர் வரை. சுவர் எது, ஆள் எது என்று அதற்குத் தெரியாது. ஒளி எதில் தடுக்கப்பட்டதோ, அதுவரைதான் அளவு.

மேற்குச் சுவரடியில் நின்று கிழக்குச் சுவரை அளந்தாள். 11.60 மீற்றர் வர வேண்டும்.

பீப்.

7.43.

நிமிர்ந்து பார்த்தாள். அறை வெறுமையாக இருந்தது. மறுபடி அழுத்தினாள். 11.60. தூசியாக்கும் என்று எழுதி வைத்தாள். எழுதும்போதே மனதில் ஒன்று இடறியது. தூசி கூடினால் இந்தக் கருவி பிழை என்று காட்டும். சுத்தமான இலக்கம் காட்டாது.

பெப்ரவரி 27. பகல் 12.22. மீண்டும் 7.43.

மார்ச் 16. பகல் 12.18. மீண்டும் அதே 7.43. அன்று உள்ளே மேசன் தம்பிராசா நிற்கிறார் என்று நினைத்து, கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அண்ணை, கொஞ்சம் விலத்துங்கோ. அளக்கிறன்."

"ஆரைப் பிள்ளை விலத்தச் சொல்லுறீர்?"

குரல் முற்றத்திலிருந்து வந்தது. தம்பிராசா கிணற்றுக்கட்டில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பயந்தாளா என்றால் இல்லை. எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று வளர்ந்தவள். தேடினாள். 7.43 என்பது வடக்கு வாசலுக்கு நேரே உள்ள இடம். சரி. நேரம் ஏன் 12.24, 12.22, 12.18 என்று குறைந்துகொண்டு வருகிறது? அதற்கும் விடை கிடைத்தது. எங்கள் கடிகாரம் சொல்லும் பன்னிரண்டு மணி சரியான உச்சி இல்லை. யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நாளுக்கு நாள் சற்று மாறும். பெப்ரவரி நடுவில் 12.24. மார்ச் நடுவில் 12.18. ஏப்ரல் நடுவில் 12.10. மூன்று தடவையும் கருவி பிழைத்தது சரியாக உச்சியில்.

ஆகவே வெயில்தான் என்று முடிவு கட்டினாள். உச்சி வெயில் வெளியே எதிலோ தெறித்து, வாசலால் உள்ளே வந்து, கருவியின் கண்ணைக் குழப்புகிறது. வாசலை அடைத்தால் சரிவரும்.

அடைப்பதற்கு வேறொரு காரணமும் வந்து சேர்ந்தது. முதலாவதாகத் தங்க வருபவள் லவீனா. குருநகர்ப் பெண். தரையில் ஆள் உயரத்துக்குக் காகிதத்தை விரித்துக் கரியால் வரைகிறவள். அவளுடைய வீட்டில் பதினொரு பேர். விரித்த காகிதத்தில் வலைக்குப் போகிறவரின் கால் படும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கால் படும், கோழியின் காலும் படும். இரண்டு வருடமாக ஒரு படமும் முடிக்கவில்லை. புரட்டாதியில் அவளுடைய முதல் கண்காட்சி. "குறுக்கே ஒருவரும் நடக்காத ஓர் அறை போதும், அக்கா" என்று எழுதியிருந்தாள். நிரோஜினி அதற்குப் பதிலாகத் தன் வாக்கையே கொடுத்திருந்தாள். ஏப்ரல் பதினாறாம் திகதி அறை தயார். ஒருவரும் நடக்கமாட்டார்கள்.

மார்ச் 28 அன்று சிவகரன், தம்பிராசா, நிரோஜினி மூன்று பேரும் வடக்கு வாசலில் நின்று கதைத்தார்கள்.

"உதை அடைச்சு விடுவம்" என்றார் சிவகரன். "வெளிச்சமும் கூடும், அந்தப் பிள்ளைக்கும் நிம்மதி."

தம்பிராசா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "காணி உறுதியிலை வழி இருக்குத் தம்பி. பின் வளவுக்காரருக்குக் கிணத்திலை நாலிலை ஒரு பங்கு. அங்கையிருந்து இஞ்சை கிணத்தடிக்கு வாற வழி இதுதான்."

"பின் வளவுக்காரர் முப்பது வருஷமா லண்டனிலை. வாளியோடை பிளேன் ஏறி வரப்போகினமோ?"

"வந்தா நீங்கள்தான் தேத்தண்ணி குடுக்கோணும்."

"குடுப்பம், குடுப்பம். பால் விட்டே குடுப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். நிரோஜினியும்தான். உறுதியில் எழுதியிருப்பதை அவளும் வாசித்திருந்தாள். ஊர் முழுக்க இப்படி எத்தனையோ வழிகள் ஆளில்லாமல் மதிலுக்குள் போய்விட்டன. இன்னும் ஒன்று.

மார்ச் 30. 12.14க்கு அளந்தாள். 7.43. புன்னகையோடு கொப்பியில் எழுதினாள், "கடைசித் தடவை" என்று.

தம்பிராசா சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கப் போனார். "திண்டுட்டு வந்து கட்டுறன் பிள்ளை."

"பத்துப் பன்ரெண்டு கல்லுத்தானே அண்ணை. முடிச்சுப்போட்டுச் சாப்பிடுங்கோ."

12.25க்கு முதல் கல். 1.15க்குக் கடைசிக் கல்.

மறுநாள் 12.14க்கு அளந்தாள். 11.60. அதற்கு மறுநாளும் 11.60. தான் கண்டுபிடித்த காரணம் சரி என்ற சந்தோசத்தில் அன்று பின்னேரம் எல்லாருக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் ஒன்றை அவள் கணக்கில் எடுக்கவில்லை. பிறகுதான் யோசித்தாள். உச்சிக்கு வந்து கிணற்றடிக்குப் போகிற ஒருவர் திரும்பியும் போக வேண்டுமே. 12.14க்கு வந்தாயிற்று. 12.25க்கு வழியை அடைக்கத் தொடங்கியாயிற்று.

ஏப்ரல் 4. தச்சுவேலை செய்யும் கொலின்ஸ் குசினி அலுமாரியைக் கொண்டுவந்து பொருத்தினான். ஒன்றரை அடி குறைந்தது. சுவருக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி.

"என்ன கொலின்ஸ் இது?"

"அக்கா, உங்கடை மெசினாலைதான் அளந்தனான். ரெண்டு தசம் ஆறு ஆறு."

"மூண்டு தசம் ஒண்டு ரெண்டு. வடிவாப் பாரும்."

கொலின்ஸ் தன் கொப்பியைக் காட்டினான். 2.66. நேற்றுக் காலை 10.40. "நான் வேணுமெண்டே மரத்தை வீணாக்குவனோ? அம்மாவாணை, மூண்டு தரம் அளந்தனான்."

நிரோஜினி அளக்கும் ரேப்பை இழுத்து அளந்தாள். 3.12. லேசரால் அளந்தாள். அதுவும் 3.12. கொலின்ஸ் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவள் அவனுடைய கொப்பியைப் பார்த்தாள்.

அலுமாரி நிற்க வேண்டிய இடத்தில், சுவரோரமாக, தரை ஈரமாக இருந்தது.

ஏப்ரல் 6. சிவகரனின் படுக்கையறை. ஒரு கை அகலம் குறைவு. காலை 9.15.

ஏப்ரல் 8. குளியலறைக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கை. பின்னேரம் 3.50.

ஏப்ரல் 9. மீண்டும் குசினி. அதே நாளில் இன்னும் ஐந்து இடங்களில்.

இப்போது உச்சி என்ற கணக்கு இல்லை. எந்த நேரமும். நிரோஜினி வீட்டுப் படத்தை மேசையில் விரித்து, அளவு பிழைத்த இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டாள். ஒன்பது புள்ளடி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளினாள்.

ஒன்பதும் வடக்குச் சுவர்களில். ஒவ்வோர் அறையிலும், வடக்குப் பக்கமாக, சுவரோடு ஒட்டி...

ஏதோ ஒன்று வீட்டுக்குள் வழி தேடிக்கொண்டு திரிந்தது.

அன்று பின்னேரம் தம்பிராசாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, அந்தக் கிணத்திலை பின் வளவுக்காரர் எத்தனை மணிக்குத் தண்ணி அள்ளுறவை?"

"மணியோ? அந்த நாளையிலை ஆர் மணி பாத்தது? இறைப்பு முறை உச்சியோடை மாறும். காலமை ஒரு பங்குகாரர், உச்சிக்குப் பிறகு மற்றவை. பின் வளவுக்காரற்றை முறை உச்சியிலைதான் தொடங்கும். ஏன் கேக்கிறீர்?"

"சும்மா."

"சும்மா கேக்கிற குரல் மாதிரித் தெரியேல்லை."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 13.

அடுத்த நாள் புதுவருடம். வேலையாட்கள் எல்லாரும் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். சிவகரனும் மனைவியும் நல்லூரில், உறவுக்காரர் வீட்டில். லவீனா வருவதற்கு மூன்று நாள் இருந்தது. கடைசி அளவுகளை ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று நிரோஜினி தனியாக வந்தாள். படலையைத் திறந்தது 11.40.

குசினி 3.12. சரி. படுக்கையறை சரி. குளியலறை ஒழுங்கை சரி. ஒவ்வோர் இலக்கமும் சரியாக வர வர நெஞ்சு லேசாகியது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். ஓரிடத்திலும் இல்லாவிட்டால் வேறெங்கே என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை.

ஸ்ரூடியோவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். 

உள்ளே போனாள். முற்றத்துக் கதவு அவளுக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. காற்று இல்லை. கிளிச்சத்தம் இல்லை. பக்கத்து வளவுத் தண்ணீர் மோட்டரும் நின்றிருந்தது. வடக்குக் கண்ணாடியால் வெளிச்சம் பாலைப் போலப் பரவியிருந்தது. ஒரு மூலையிலும் நிழல் இல்லை. அவள் விரும்பியபடியே வந்திருந்த அறை.

மேற்குச் சுவரடியில் நின்று, கருவியைத் தொடர்ந்து அளக்கும்படி வைத்தாள். அப்படி வைத்தால் ஒளி அணையாது. எதிரே இருப்பது அசைய அசைய இலக்கமும் மாறும்.

12.04. 11.60.

12.07. 11.60.

12.10.

7.43.

வாசல் இல்லை. அது அடைத்த சுவர். வெயில் வருவதற்கு வழியே இல்லை.

எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளியைத் தேடினாள். காணவில்லை. பிறகு கண்டாள்.

அறையின் நடுவில் இருந்தது. நெஞ்சளவு உயரத்தில். காற்றில்.

எதிலும் படாமல் ஒளி புள்ளியாகாது. அது அவளுக்குத் தெரியும். புள்ளி எதிலோ பட்டிருந்தது. மூச்சு விடுகிற ஒன்றில் பட்டது போல மெல்ல ஏறி இறங்கியது.

7.43.

7.43.

6.90.

சளக்...

ஈரக்கால் மினுக்கிய சீமெந்தில் படுகிற சத்தம்.

6.12.

சளக்... சளக்...

கருவியை அவள் இறக்கவில்லை.

4.80.

பாசி மணந்தது. கிணற்றின் அடித்தண்ணீர் மணம்.

3.05.

1.77.

புள்ளி பெரிதாகத் தெரிந்தது.

0.90.

0.31.

ஒரு சாண் சொச்சம். முகத்தில் குளிர் அடித்தது. கண்ணுக்கு எதுவும் இல்லை. வெறும் அறை. வெறும் வெளிச்சம். நடுவில் அந்தச் சிவப்புப் புள்ளி.

"நான்தான் அடைச்சனான்" என்றாள் நிரோஜினி.

குரல் அறையில் விழுந்து கிடந்தது.

"திறந்து விடுறன்."

0.31.

0.31.

0.58.

1.40.

சளக்... சளக்... சளக்...

7.43.

அங்கே போய் நின்றது. அசையவில்லை. காத்துக்கொண்டு நின்றது.

அவள் முற்றத்துக்கு ஓடினாள். ஸ்கூட்டர் படலையடியில் நின்றது. அதைக் கிளப்பும் திறப்பு காற்சட்டைப் பையில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் பலாலி வீதிக்கு ஏறிவிடலாம். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்று நாளில் லவீனா பாயைச் சுருட்டிக்கொண்டு வருவாள். அந்த அறையில் காகிதத்தை விரிப்பாள். முழந்தாளில் இருந்து, குனிந்து, தனியாக வரைவாள்.

கிணற்றடியில் மேசன்மாரின் சம்மட்டி கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி உள்ளே போனாள்.

நான்கு அங்குலச் சீமெந்துப் புளொக்கல், உள்ளே பொள்ளலாக இருக்கும். பாரம் தாங்காத சுவர். உடைக்கலாம். அதைக் கட்டுவிக்கும்போது அவளே சொன்ன விசயம். நடுவில் அடித்தாள். பூச்சு உதிர்ந்தது. மீண்டும் அடித்தாள். முதல் கல் பிளந்தது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. மேலே போட்டிருந்த கண்ணாடியில் ஒன்று அதிர்ந்து கீறல் விட்டது. அவள் பெயரைப் போட்ட முதல் வீட்டின் முதல் கண்ணாடி. நிறுத்தவில்லை.

திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கடைசிக் கல்லைக் காலால் தள்ளினாள். வெளியே பின் வளவின் பற்றையும் வெயிலும் தெரிந்தன. அவளுடைய இடது கையை ஒட்டி ஒரு குளிர் போனது. கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் கொண்டு போகிறவர் பக்கத்தால் போகும்போது வருகிற குளிர்.

பற்றையில் ஒரு சின்னச் செடி அசைந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று.

கருவியை எடுத்து அளந்தாள். 11.60. நேரம் 12.52. எழுதினாள். அந்தப் பக்கத்தில் கொப்பளத் தண்ணீரும் இரத்தமும் பட்ட அடையாளம் இன்றைக்கும் இருக்கிறது.

பதினைந்தாம் திகதி தம்பிராசா வந்தார். சுவரைப் பார்த்தார். அவளுடைய கைக்கட்டைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை இதை உடைச்சது?"

"நான்தான் அண்ணை. உறுதியிலை வழி இருக்கு."

அவர் வெற்றிலைகூடப் போடாமல், அன்றைக்கே ஒரு நிலையும் கதவும் கொண்டுவந்து பொருத்தினார். கதவுக்குப் பூட்டு வேண்டாம் என்றாள். சரி என்றார்.

லவீனா சொன்ன நாளில் வந்தாள். புதுக்கதவைப் பார்த்து நின்றாள்.

"இதாலை ஆர் அக்கா வருவினம்?"

"உம்மடை காகிதத்தை இந்தப் பக்கமா விரியும். அந்த இடத்தை விட்டால் ஒருத்தரும் குறுக்கை வரமாட்டினம்."

லவீனா அப்படியே செய்தாள். நான்கு நாளில் ஒரு படம் முடித்தாள். அந்த அறையில் நல்ல நித்திரை வருகிறது என்றாள். நிரோஜினி ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு வைத்துக்கொண்டு போய் அறையை அளந்துவிட்டு வந்தாள். ஒரு நாளும் குறையவில்லை. உச்சியிலும் குறையவில்லை. பதின்மூன்றாம் திகதிக்குப் பிறகு முதன்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஆனாலும் செய்த பிழையை முறையாகத் திருத்த வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. பின் வளவுக்காரரிடம் கேட்காமல் வழியை அடைத்தது தவறு, சொல்லி மன்னிப்புக் கேட்போம் என்று சிவகரனை நெருக்கினாள். அவர் யார் யாரிடமோ விசாரித்து லண்டன் இலக்கம் ஒன்றை வாங்கினார். ஏப்ரல் 20, பின்னேரம் 5.30. விறாந்தையில் இருந்து எடுத்தார்கள். மறுமுனையில் சிவகௌரி என்ற பெண். வயது அறுபது இருக்கும். வளவு அவளுடைய தாய் குணலட்சுமியின் பெயரில்.

தாய் செத்து எத்தனை வருடம் என்று கேட்கத்தான் நிரோஜினி வாயெடுத்தாள்.

"அம்மா இருக்கிறா" என்றாள் சிவகௌரி. "தொண்ணூத்தொரு வயசு. முதியோர் இல்லத்திலை வைச்சிருக்கிறம். எங்களை ஒருத்தரையும் தெரியாது. ஒவ்வொரு நாளும் காலமை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிணத்தடிக்குப் போறன் எண்டுவா. பிறகு எழும்பித் தேத்தண்ணி கேப்பா. அப்பிடியே போய்க்கொண்டிருந்தது. மார்ச் முப்பதாம் திகதி கண்ணை மூடினவ எழும்பேல்லை."

"எழும்பேல்லை எண்டா?"

"பதினாலு நாள். மூச்சு இருக்கு, ஆள் இல்லை. டொக்டருக்கும் என்னவெண்டு பிடிபடேல்லை. சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிப்போட்டம். பதின்மூண்டாம் திகதி காலமை எட்டு இருபத்திரண்டுக்குத் தன்பாட்டிலை கண்ணைத் திறந்தா. தாதி நேரம் எழுதி வைச்சிருக்கிறா."

சித்திரையில் லண்டனுக்கும் எங்களுக்கும் நாலரை மணி வித்தியாசம். அங்கே 8.22 என்றால் இங்கே 12.52. நிரோஜினிக்கு அதைக் கணக்குப் பார்க்கத் தேவைப்படவில்லை.

"இப்ப சுகமா இருக்கிறா" என்றாள் சிவகௌரி. "நல்லாச் சாப்பிடுறா, கிணத்தடிக்குப் போறன் எண்டு சொல்லுறதும் இல்லை. ஒரு காற்சட்டை போட்ட பிள்ளை சம்மட்டியாலை சுவரை உடைச்சுத் தன்னை விட்டதெண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா. நாங்களும் ஓமெண்டு கேக்கிறது."

சிவகரன் நிரோஜினியைப் பார்த்தார்.

"அது நான்தான் அக்கா" என்றாள் அவள்.

மறுமுனையில் சிவகௌரியின் குரல் தாழ்ந்து வந்தது.

"அப்ப நீர்தானோ அது... அந்தப் பிள்ளையைக் கண்டா ஒண்டு கேக்கச் சொல்லி அம்மா நெடுகச் சொல்லுறவ. நாங்கள் விசர்க்கதை எண்டு விட்டிட்டம்."

"என்ன கேக்கச் சொன்னவ?"

"நீர் சுவரை உடைக்கிற முழு நேரமும், உம்மடை தோளிலை ரெண்டு கையையும் வைச்சுக்கொண்டு பின்னாலை ஒருத்தர் நிண்டவராம். அம்மா வெளியாலை போன பிறகும் அவர் உம்மை விடேல்லையாம். அவர் ஆரெண்டு கேக்கச் சொன்னவ."

அன்றைக்கு அந்த வீட்டுக்கு நிரோஜினி தனியாகத்தான் போயிருந்தாள்.